மோட்டார் சைக்கிள் இருக்கை: சொகுசா, தேவையா?

மோட்டார் சைக்கிள் இன்று நம் நாட்டில் உல்லாசப் பொருளன்று; அது ஒரு தொழிற்கருவி. வேளாண்மை விரிவாக்க ஊழியர், கால்நடை மருத்துவர், தடுப்பூசி போடும் செவிலியர், மலையோரக் கிராமங்களில் பணியாற்றும் ஆசிரியர் முதலானோர் தம் பணி நேரத்தில் கணிசமான பகுதியை இவ்வாகனத்தின் மீதே கழிக்கின்றனர். உழவன் தன் மேழியைத் தன் உயரத்துக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்கிறான். கொல்லன் தன் சம்மட்டியின் பிடியைத் தன் கைக்கு இசையுமாறு அமைத்துக்கொள்கிறான். ஆனால் நாள் ஒன்றுக்கு 2 மணி, 3 மணி நேரம் உடலின் பாரம் முழுவதையும் தாங்கும் இருக்கையை மட்டும் நாம் கடையில் கொடுத்தபடியே ஏற்றுக்கொள்கிறோம். முதுகு வலித்தால் வயதின் மீதும் சாலையின் மீதும் பழி போடுகிறோம்.

இந்த மனப்போக்கு தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. இருக்கையின் சௌகரியம் உடல்நலத்தையும் வேலைத்திறனையும் சார்ந்த விஷயம். அதனை அளக்க வழிகள் உண்டு, அளவுகளும் உண்டு. ஆயினும் அவ்வளவுகள் வாகனத்தை வாங்குபவரின் கைக்கு எட்டுவதில்லை.

புனேயின் தகுதி

இப்பொருளைப் பற்றிச் சிந்திக்கப் புனே நகரத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை எனலாம். ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் பெற்றிருந்த ஊர் இது. அதன் அருகிலுள்ள ஆகுர்டியில் பஜாஜ் நிறுவனம் ஸ்கூட்டர்களை உற்பத்தி செய்தது; பின்னர் சாக்கனில் மோட்டார் சைக்கிள்களை உற்பத்தி செய்யத் தொடங்கியது. கைனெடிக் நிறுவனத்தின் லூனா என்னும் சிறு வண்டி 1972இல் வெளிவந்து நடுத்தரக் குடும்பங்களின் தோழனாயிற்று. வாகனத் தொழில்துறையும் மத்திய அரசாங்கமும் சேர்ந்து நிறுவிய இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966 முதல் இங்கு இயங்கி வருகிறது. அதிர்வுகளை அளக்கும் சோதனைக்கூடங்கள் அதனிடம் உள்ளன. 1950இல் திறக்கப்பட்ட தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் பலபடிச் சேர்மங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் புகழ் பெற்றது. இருக்கையில் நிரப்பப்படும் நுரையும் அதன் மேலுறையும் அவ்வகைச் சேர்மங்களே.

வண்டியைச் செய்பவர், அதிர்வை அளப்பவர், நுரையின் இரசாயனத்தை அறிந்தவர் ஆகிய மூவகையினரும் ஒரே ஊரில் இருக்கின்றனர். அவ்வூரிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலுள்ள ஜுன்னருக்கோ, மலைச்சரிவுகளில் ஏறி இறங்கி போர் வட்டத்துக் கிராமங்களுக்கோ வண்டியில் சென்று திரும்பும் ஊழியர் மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்க நேர்ந்தால், அறிவுக்கும் உபயோகத்துக்கும் இடையே எங்கோ பாலம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது?

நாம் உட்காரும்போது உடலின் பாரம் இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகளின் மேல் பெரும்பாலும் விழுகிறது. இவற்றை அமர்வெலும்புகள் எனலாம். எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள தசையும் தோலும் நசுங்குகின்றன. அவற்றிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஓட்டம் குறைகிறது. இக்குழாய்களின் அழுத்தத்தை லாண்டிஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1930இல் அளந்தார். குழாயின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று அவர் கண்டார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 44 கிராம் என்று இதனைக் கூறலாம். இது எல்லா உடலுக்கும் பொருந்தும் கறாரான எல்லையன்று. எனினும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒருவரின் உடல் எடையில் 60 கிலோகிராம் இருக்கையின் மேல் விழுவதாகக் கொள்வோம். உடல் இருக்கையைத் தொடும் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் எனில், சராசரி அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம். பரப்பை 1,000 சதுர சென்டிமீட்டராக உயர்த்தினால் அது 60 கிராமாகக் குறையும். அப்போதும் மேற்கூறிய 44 கிராமுக்கு அது மேற்பட்டே நிற்கிறது. எலும்பு முனைகளின் அடியிலோ சராசரியைப் போல் பல மடங்கு அழுத்தம் இருக்கும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, இருக்கையின் முதற்கடமை பாரத்தை அகன்ற பரப்பில் பகிர்ந்தளிப்பது. இரண்டாவது, எவ்வளவு சிறந்த இருக்கையாயினும் இடையிடையே எழுந்து நிற்பதற்கு அது ஈடாகாது. மணிக்கு ஒரு முறையேனும் வண்டியை நிறுத்திச் சில நிமிடங்கள் நடப்பது சோம்பலன்று. நசுங்கிய குழாய்களில் இரத்தம் மீண்டும் ஓட இடங்கொடுப்பதாகும்.

அதிர்வின் கணக்கு

வலிக்கு இரண்டாவது காரணம் அதிர்வு. மேலும் கீழுமான அதிர்வுகளுள் வினாடிக்கு 4 முதல் 8 வரை நிகழ்பவையே மனித உடலை மிகவும் வருத்துகின்றன. முதுகெலும்பும் வயிற்றுறுப்புகளும் அந்த வேகத்தில் தாமும் சேர்ந்து ஆடத் தலைப்படுவதே இதற்குக் காரணம். உடல் முழுவதையும் தாக்கும் அதிர்வை மதிப்பிடும் சர்வதேசத் தரநிர்ணயமான ஐ.எஸ்.ஓ. 2631 இதனைக் கணக்கில் கொண்டே அமைந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பிறப்பித்த ஆணை ஒன்று, 8 மணி நேர வேலைநாளில் தொழிலாளர் அடையும் அதிர்வு வினாடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டரை எட்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 1.15 மீட்டரைத் தாண்டலாகாது என்றும் விதித்தது.

நம் சாலைகளில் இந்த அதிர்வு எளிதில் உண்டாகிறது. 2 மீட்டருக்கு ஒரு புடைப்பு உள்ள சாலையில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்வோமாயின், வினாடிக்கு 10 மீட்டர் கடக்கிறோம். ஆகவே வினாடிக்கு 5 முறை குலுக்கப்படுகிறோம். உடலுக்கு ஆகாத எல்லையின் நடுவே இது வந்து நிற்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் குலுக்கல் வினாடிக்கு 2.5 முறையாகி அந்த எல்லையை விட்டு வெளியேறுகிறது. மெதுவாகச் செல்லுங்கள் என்று பெரியோர் கூறுவதில் இப்படியும் ஒரு விஞ்ஞானம் உண்டு.

இருக்கையும் ஒரு வில்லைப் போன்றதே. உட்கார்ந்தவுடன் 2.5 செ.மீ. அமுங்கும் இருக்கை, தன்னியல்பில் வினாடிக்கு ஏறத்தாழ 3 முறை ஆடும். அந்த வேகத்தை ஒட்டி வரும் குலுக்கலை அது குறைப்பதில்லை; பெருக்கிவிடுகிறது. அதனைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே அது தணிக்கத் தொடங்கும். நுரை அமுங்க அமுங்க விறைப்பு அடைவதால், நடைமுறையில் இந்த எல்லை இன்னும் மேலே நகர்ந்துவிடும். எனவே வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வை இருக்கை மட்டுமே தடுத்துவிடும் என்று நம்புவதற்கில்லை. அது பெரிதும் டயரும் அதிர்வுதாங்கிகளும் செய்ய வேண்டிய வேலை. நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுழலும் எஞ்சினின் நடுக்கமோ வினாடிக்கு 83 முறை நிகழ்வது. அதனை நுரை எளிதில் தடுத்துவிடும். அந்த நடுக்கம் கைப்பிடி வழியாகவும் கால்வைப்பான் வழியாகவுமே நம்மை அடைகிறது.

பழைய வண்டிகளில் தோலிருக்கையின் கீழ்ப் பெரிய சுருள்விற்கள் இருந்தமைக்கும் இதுவே காரணம். பின்சக்கரம் சட்டத்தோடு நேராகப் பிணைக்கப்பட்டிருந்த காலத்தில் இருக்கையே அதிர்வுதாங்கியாகவும் வேலை செய்தது. பின்சக்கரத்துக்குத் தனி அதிர்வுதாங்கிகள் வந்து பரவிய பிறகு, நுரை நிரப்பிய நீண்ட இருக்கை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

கட்டைவிரல் சோதனை

நுரையைப் பற்றி நம்மிடையே நிலவும் பெரிய தப்பபிப்பிராயம், மெத்தென்றிருப்பதே நல்லது என்பதாகும். கடையில் வாங்குபவர் கட்டைவிரலால் இருக்கையை அழுத்திப் பார்க்கிறார். விரல் எளிதில் அமிழ்ந்தால் மகிழ்கிறார். ஆனால் விரல் சோதிப்பது நுரையின் மேற்பகுதியை மட்டுமே. உடலின் பாரம் விழும்போது மென்மையான நுரை முழுவதும் அமுங்கி, அடித்தகடு எலும்பில் இடிக்கத் தொடங்கும். முதல் 10 நிமிடம் மெத்தையாக இருந்தது 50ஆவது கி.மீட்டரில் பலகையாகிவிடும்.

இதனை அளக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. ஒரு வட்டத்தகட்டால் நுரையை அதன் உயரத்தில் 25 சதவீதமும், 40 சதவீதமும், 65 சதவீதமும் அமுக்கி, ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் விசையைக் குறிக்கின்றனர். 65 சதவீத விசையை 25 சதவீத விசையால் வகுத்து வரும் எண்ணே தாங்குதிறன் எண். தொடும்போது மென்மையாகவும் பாரம் ஏற ஏற உறுதியாகவும் நிற்கும் நுரைக்கு இவ்வெண் உயர்ந்திருக்கும். கட்டைவிரல் 25 சதவீதத்தை மட்டும் அறியும். முதுகெலும்புக்கு வேண்டியதோ 65 சதவீதம்.

அடர்த்தி என்பது வேறு, கடினம் என்பது வேறு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அடர்த்தி குறைந்த நுரை புதிதில் உறுதியாகத் தோன்றினும் விரைவில் தளர்ந்து குழி விழுந்துவிடும். பாரத்தால் இளகி உடலின் வடிவை ஏற்கும் ஞாபக நுரையை இன்று பலர் புகழ்கின்றனர். அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சிக்காக 1966இல் தோன்றிய பொருள் அது. குளிரில் இறுகுவதும் வெப்பத்தில் இளகுவதும் அதன் இயல்பு. ஏப்ரல், மே மாதங்களில் 40 பாகை செல்சியஸை எட்டக்கூடிய புனேயின் வெயிலில் அது தன் தாங்குதிறனை இழக்கும். மெல்லிய மேலடுக்காக அது பயன்படலாம். முழு இருக்கைக்கும் அது ஏற்றதன்று.

வடிவமும் உறையும்

நல்ல நுரையைத் தவறான வடிவம் கெடுத்துவிடும். இருக்கை முன்புறமாகச் சரிந்திருந்தால் உடல் பெட்ரோல் தொட்டியை நோக்கி வழுக்கிக்கொண்டே போகும். பாரம் அமர்வெலும்புகளை விட்டுத் தொடையிடையிலுள்ள மென்மையான பகுதிக்கு மாறி, அங்குள்ள நரம்பு நசுங்கி மரத்துப்போகும். பின்பகுதி போதிய அகலமின்றி இருந்தால் எலும்பு முனைகள் விளிம்பில் தொங்கும். முன்பகுதி மிக அகன்றிருந்தால் கால் தரையை எட்டாது. எனவே பின்னே அகன்றும் முன்னே குறுகியும், நடுப்பகுதி ஏறத்தாழச் சமமாகவும் உள்ள வடிவமே பெரும்பாலோருக்கு ஏற்றது.

உறையை முரசுத் தோலைப் போல் இழுத்துக் கட்டுவது மற்றொரு பிழை. இழுபடாத உறை நுரையை உடலுக்கு இசைந்து வளைய விடாது. நுரை எத்துணை உயர்ந்ததாயினும் பயனின்றிப் போகும். கறுப்பு ரெக்சின் வெயிலில் கொதிக்கிறது. வியர்வையை வெளியேற விடாமல் தோலை ஊறவைத்துப் புண்ணாக்குகிறது. மழைக்காலத்தில் தையல் துளைகள் வழியே நீர் நுரைக்குள் புகுந்து நாட்கணக்கில் தங்கிவிடுகிறது. ஆகவே, உட்காரும் இடத்தில் தையல் வராதவாறு உறையை வெட்டுவது நன்று.

மகாராஷ்டிரத்து ஆட்டிடையர் போர்த்தும் முரட்டுக் கம்பளியான கோங்கடியை மடித்து உறையின் மேல் கட்டிக்கொள்வது மலிவான, விஞ்ஞானத்துக்கு ஒத்த பரிகாரம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் ஈரமாகத் தோன்றாது, காற்றோட்டமும் தரும். வழுக்காதவாறு அதனை இறுகக் கட்டுவது அவசியம். ரப்பர் பூசிய தென்னைநார்த் தகடும் காற்றுப் புகும் அடுக்காகப் பயன்படத்தக்கது. பொள்ளாச்சியின் நாரும் புனேயின் ஆராய்ச்சியும் இவ்விஷயத்தில் கைகோத்தால் நன்மை உண்டு.

ஊழியர் தாமே செய்யத்தக்கவை

பணம் செலவிடுவதற்கு முன் சில காரியங்களை வரிசையாகச் செய்து பார்க்கலாம். முதலில் டயரின் காற்றழுத்தத்தைக் கைப்புத்தகத்தில் கூறியபடி சரிசெய்க. மிகையான காற்று ஒவ்வொரு கல்லையும் முதுகுக்கு அறிவிக்கும். அடுத்து, பின் அதிர்வுதாங்கியின் வில்லைத் தம் எடைக்கும் சுமைக்கும் ஏற்ற படியில் வைக்க. மூன்றாவதாகக் கைப்பிடியின் கோணத்தைக் கவனிக்க. கை நீண்டு எட்டினால் முதுகு கூனி, இருக்கையின் குற்றம் இரட்டிக்கும். இவற்றுக்குப் பின்னும் வலி தொடர்ந்தால் மட்டுமே இருக்கையை மாற்றி அமைக்க.

அமைக்கும்போது, அடியில் உறுதியான நுரையும் மேலே மெல்லிய மென்னுரையும் வருமாறு கேட்க வேண்டும். உயரம் கூடினால் கால் தரையில் ஊன்றுவது கடினமாகும் என்பதை மறத்தலாகாது. குள்ளமானவருக்கு இது விபத்தில் முடியலாம். புனேயில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த நானா பேட்டையிலும், நம் ஊர்களின் சிறு பட்டறைகளிலும் இருக்கை தைப்பவர்கள் உள்ளனர். அவர்களுடைய கைத்திறன் குறைந்ததன்று. அவர்களுக்கு எட்டாதது நுரையின் அளவு விவரமே.

பள்ளியில் செய்யத்தக்க சோதனைகள்

ஆசிரியர்களுக்கு இப்பொருள் நல்ல பாடமாகும். நுரையை 10 செ.மீ. கனசதுரமாக வெட்டி நிறுத்தால் அது எத்தனை கிராம் உள்ளதோ, அதுவே கன மீட்டருக்குக் கிலோகிராமில் அதன் அடர்த்தி. 50 கிராம் இருப்பின் அடர்த்தி 50. அதே கனசதுரத்தின் மேல் ஒரு பலகையை வைத்து எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, 2.5 செ.மீ. அமுங்குவதற்கும் 6.5 செ.மீ. அமுங்குவதற்கும் வேண்டிய பாரங்களைக் குறித்து வகுத்துப் பார்க்கலாம். தரநிர்ணயச் சோதனையின் எளிய வடிவம் கிடைத்துவிடும். நெளிவுள்ள அட்டைப்பெட்டித் தகட்டைக் கடினமான பெஞ்சின் மேல் வைத்துச் சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தால் இரு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடு இடைவெளியே அமர்வெலும்புகளின் தொலைவு. நீர் நிரம்பிய ரப்பர்ப் பை ஒன்றில் கண்ணாடிக்குழாயைப் பொருத்தி அதன் மேல் உட்கார்ந்தால், குழாயில் நீர் ஏறும். பையின் மட்டத்திலிருந்து 44 செ.மீ. உயர்ந்தால் அது லாண்டிஸ் கண்ட அளவு. தம் உடலே கருவியாகும் பாடத்தை மாணவர் மறப்பதில்லை.

பின்னிருக்கையில் அமர்பவர்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 128ஆவது பிரிவு, பின்னால் ஒருவரை ஏற்றிச் சென்றால் அவர் உறுதியாகப் பொருத்தப்பட்ட தகுந்த இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும் என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 123ஆவது விதி, அவருக்குக் கைப்பிடியும் கால்வைப்பானும், உடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும் வேண்டும் என்கிறது. நல்ல விதிகள். அழகு கருதி இவற்றைக் கழற்றி எறிவோர் தம் வீட்டாரின் உயிரோடு விளையாடுகின்றனர்.

ஆனால் சட்டச் சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு ஒரு வினா எழுகிறது. தகுந்த இருக்கை என்றால் யாருக்குத் தகுந்தது? மேற்கூறிய விதி இருக்கையின் அகலத்தையோ சரிவையோ பற்றிப் பேசவில்லை. நம் நாட்டில் பின்னால் அமரும் பெண்களில் பலர், புடவை காரணமாக, இரு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு அமர்கின்றனர். இதனால் இடுப்பு ஒரு பக்கமும் தோள் மற்றொரு பக்கமும் திரும்பி முதுகெலும்பு முறுக்கப்படுகிறது. பாரம் சிறிய பரப்பில் விழுகிறது. குலுக்கலைக் காலால் தாங்கவும் இயலாது. பந்தய வண்டியின் சாயலைப் பின்பற்றிப் பின்னிருக்கையை உயர்த்திக் குறுக்கும் வடிவங்கள் இவர்களை அறவே மறந்துவிடுகின்றன. கணவருடனோ சகோதரருடனோ பின்னிருக்கையில் அமர்ந்து கிராமத்துக்குச் செல்லும் சுகாதார ஊழியருக்கும் ஆசிரியைக்கும் அதுவே அலுவலகப் பயணம். அவர்களையும் கருத்தில் கொண்டு வடிவமைப்பதே தகுந்த என்னும் சொல்லுக்குப் பொருளாகும்.

ஆட்சேபங்களும் கோரிக்கைகளும்

விலை உயரும் என்பது முதல் ஆட்சேபம். நுரையின் வடிவும் அடர்த்தியும் மாறுவதால் உண்டாகும் செலவு, முழு வண்டியின் விலையோடு ஒப்பிட அற்பமே. பழகினால் சரியாகிவிடும் என்பது மற்றோர் ஆட்சேபம். வலியைப் பொறுக்கப் பழகலாம். ஆனால் முதுகெலும்பின் வட்டுகளுக்குப் பழக்கம் என்பது இல்லை. வாங்குவோர் கேட்பதில்லை என்றும் கூறப்படுகிறது. அளவுகளே தெரியாதவர் எவ்வாறு கேட்பார்? ஒரு லிட்டருக்கு எத்தனை கி.மீ. ஓடும் என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்லியதால் அன்றோ அதனை எல்லோரும் கேட்கின்றனர்.

ஆகவே மூன்று காரியங்கள் நடைபெற வேண்டும் என்பது எம் கருத்து. வண்டியின் எடையையும் எஞ்சினின் திறனையும் அச்சிடுவது போலவே, இருக்கையின் அகலம், உயரம், நுரையின் அடர்த்தி, தாங்குதிறன் எண் ஆகியவற்றையும் உற்பத்தியாளர் கைப்புத்தகத்தில் அச்சிட வேண்டும். களப்பணிக்காக வண்டி வாங்கும் அரசாங்க இலாகாக்கள் விலைப்புள்ளி கோரும்போது இவ்வளவுகளையும் கேட்க வேண்டும். பெரிய கொள்முதல்காரர் கேட்டால் சந்தை செவிசாய்க்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இருக்கை தைக்கும் கலைஞர்களுக்கு, நுரையைச் சோதித்துத் தெரிந்தெடுக்கும் குறுகியகாலப் பயிற்சி அளிக்க வேண்டும்.

சொகுசு என்னும் சொல் தமிழில் சிறிது பழிப்பையும் தாங்கி நிற்பது; உழைப்பவனுக்கு அது எதற்கு என்ற குரல் அதனுள் ஒளிந்திருக்கிறது. இருக்கையைப் பற்றிப் பேசும்போது அச்சொல்லை விடுத்து இசைவு என்று சொல்லிப் பழகுவோம். மேழி கைக்கு இசைய வேண்டும் என்பதை யாரும் சொகுசு என்று சொல்லியதில்லை. நாள்தோறும் 100 கி.மீ. சென்று திரும்பும் ஊழியரின் முதுகுக்கு இருக்கை இசைய வேண்டும் என்பதும் அது போன்றதே.